முப்பத்திரண்டு

சத்தியசீலன் பிராட்ஃபோர்டிலிருந்து கொண்டுவந்தான்,
பழைய துவாயில் சுற்றி,
பிறந்த பிள்ளையைக் கையில் தருவதுபோல்.
நாற்பத்தைந்து மில்லிமீட்டர். இரட்டை வாய்.
இத்தாலி வார்ப்பு. நூற்றெண்பது பவுண்டு.
"பெரிசாப் போடு பவளம்,
எஞ்சின் தன்பாட்டில குடிச்சுக்கொள்ளும்."

என் எஸ்கார்ட்டுக்கு என்னைவிட இரண்டு வயது கூட.
ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு சிசி:
ஒரு லிட்டர் பால் போத்தலும்
மேலே அரைக் கோப்பைத் தேத்தண்ணியும்.
அவ்வளவுதான் அதன் வயிறு.

ஞாயிறு மாட்டினோம். கீத்லி முழுக்கக் கேட்டிருக்கும்.
பக்கத்து வீட்டு டெரக் யன்னலைத் திறந்து
கட்டைவிரலை உயர்த்தினான்.
ஹாலிஃபாக்ஸ் சாலை ஏற்றத்தில்
மூன்றாம் கியரில்
பெடலை அடிவரை அமத்தினேன்.

ஒரு விக்கல்.
பிறகு ஒரு நீண்ட யோசனை.

அந்த யோசனைக்குள் ஒரு பஸ் என்னை முந்திப் போனது.
கிழமை நாட்களில் நான் ஓட்டுகிற பஸ்,
நான் ஓட்டுகிற தடம்.
நைஜெல் கைகாட்டிவிட்டுப் போனான்.
திங்கள் முழுக்க டிப்போ கன்டீனில் அதுதான் கறி.

காற்றுக்குப் பெட்ரோலைத் தூக்கத் தெரியாது,
வேகத்துக்குத்தான் தெரியும்.
ஒடுங்கின ஒழுங்கையில் நுழைந்த காற்று
ஓடியே ஆகவேண்டும்.
அது ஓடுகிற ஓட்டத்தில்தான்
கீழே கிண்ணத்தில் கிடக்கிற பெட்ரோல்
எழும்பி, உடைந்து, பொடியாகிக் கூடப் போகும்.
வாசலை அகலத் திறந்துவிட்டால்
சம்பந்தி வீட்டார் கல்யாணத்துக்கு வருவதுபோல்
ஆடி அசைந்து வருகிறது காற்று,
ஒரு பாத்திரத்தையும் தூக்காமல்.

இரவு, டியூட்டித் தாளின் பின்பக்கம் கணக்கு.
இரண்டு சுற்றுக்கு ஒரு முழு மூச்சு.
உச்ச வேகம்: ஏழாயிரம் என்று எழுதினேன்.
எழுதியதும் பேனை நின்றுவிட்டது.
எப்போது போனாய் ஏழாயிரம்?
போகவில்லை.
ஐயாயிரம்?
ஒருமுறை. மான்செஸ்டர் எயார்போர்ட்டுக்குப் பிந்தி,
எம் அறுபத்திரண்டில், மழைக்குள்,
மாமியின் பெட்டிகள் பின்சீற்றில் உருள.
மற்றபடி என் சீவியம் இரண்டாயிரத்து எண்ணூறு.
பள்ளிக்கூட வாசல், மீன்கடைச் சந்தி,
சிவப்பு விளக்கு, திரும்ப அதே சிவப்பு விளக்கு.

ஏழாயிரத்தை வெட்டினேன்.
ஐயாயிரம் எழுதினேன், அதுவும்
கடன் கேட்டுப் போகிறவள் சம்பளம் சொல்வதுபோல்
கொஞ்சம் கூட்டித்தான்.
இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்தைந்து லிட்டர்,
அதில் எண்பது வீதம்தான் உண்மையில் நிறையும்.
நிமிடத்துக்கு இரண்டாயிரத்து இருநூறு லிட்டர் காற்று.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்,
யோர்க்‌ஷயர் காற்று இலவசம்தான்,
அதையும் அளக்கவேண்டி வந்தது.

அட்டவணையில் விரல் இறங்கி இறங்கி
முப்பத்திரண்டில் நின்றது.
ஒற்றை வாய். என் வாயில் உள்ள பற்களின் தொகை,
பிடுங்கினது ரண்டையும் சேர்த்து.

ஷிப்லியில் பழைய சாமான் முற்றத்தில்
ஜானிஸ் என்பவள் முப்பத்தைந்து பவுண்டுக்குத் தந்தாள்.
"என்ன காருக்கு?" என்றாள். சொன்னேன்.
"அப்ப இது காணும்" என்றாள், மிச்சக் காசை எண்ணியபடி.
எனக்கு மூன்று கிழமை எடுத்த விஷயம்.

சின்னதும் சும்மா வந்து அமரவில்லை.
பிரதான ஜெட்டை இரண்டு தரம் மாற்றினேன்.
பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி,
மறுபடி பார்த்தால் சாம்பல் வெள்ளை,
மூன்றாம் தரம்
வறுத்த கோப்பிக்கொட்டை நிறம்.
அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டு
கராஜில் குளிரக் குளிர நின்றேன்.

அதே ஏற்றம். அதே மூன்றாம் கியர்.
அமத்தினேன், போனது.
முழக்கம் இல்லை, டெரக்கின் யன்னல் திறக்கவில்லை.
விரலுக்கேற்ற வீக்கம்.

நாற்பத்தைந்தை ஹடர்ஸ்ஃபீல்டில்
இரண்டு லிட்டர் வைத்திருக்கிற ஒருவன் வாங்கிப்போனான்.
போகுமுன் அதன் வாயை ஒருமுறை
கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்:
எங்கள் தெரு முழுவதும் உள்ளே தெரிந்தது,
குப்பைத் தொட்டிகள், ஈரக் கூரைகள் எல்லாம்.

நூற்றறுபதுக்குத்தான் போனது.
மிச்ச இருபதைப் பற்றி
சத்தியசீலன் இன்னும் கதைக்கிறான்.